நூலளவு அடைப்பு

தூக்கத்தில் அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அதில் ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதையாவது பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்; தலையணை இல்லாவிட்டால் போர்வை, போர்வை இல்லாவிட்டால் இவள். ஆனால் இப்போது கட்டைவிரல் மட்டும் தனியாக விழித்திருந்தது. நாடி ஓடும் இடத்தின் மேல் அழுத்துவதும் விடுவதும், அழுத்துவதும் விடுவதுமாக, குழாயின் வாயை விரலால் அடைத்துத் தண்ணீரின் வேகம் பார்ப்பதைப் போல. அவள் கையை உருவிக்கொண்டாள். குறட்டை நின்றது. இருட்டில் அந்த விரல் விரிப்பின் மேல் ஊர்ந்து வந்து, அவள் முழங்கையைத் தொட்டு, கீழே இறங்கி, மறுபடியும் அதே இடத்தைக் கண்டுபிடித்தது. குறட்டை தொடர்ந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அது.

குழாய் வேலை செய்கிறவர் அவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் குளியலறை அடைத்துக்கொண்டாலும் பைப் ரெஞ்சும் பழைய துணிமூட்டையுமாக வந்து நிற்பார். மாடி ஏறினால் நெஞ்சைப் பிசைகிறது என்று ஒரு நாள் சொன்னார். அவளுடைய அண்ணன்தான், "ஊர் அடைப்பெல்லாம் எடுக்கறீங்க மாப்ள, உங்க அடைப்ப யாரு எடுக்கறது?" என்று கேட்டுக் கையோடு கூட்டிப்போனார். எடுத்த படத்தில், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. ஸ்டென்ட் வைக்கிற அளவுக்கு மோசமா, மாத்திரையில் சமாளிக்கலாமா என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விடுவார்களாம். அதன் நுனிக்குப் பக்கத்தில் சென்சார் இருக்கும். அடைப்புக்கு இந்தப் பக்கம் ரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு, தாண்டிப் போனால் அந்தப் பக்கம் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனால் கம்பியை வெளியே இழுக்கும்போது நுனி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் டாக்டர். "ஒரு விரல்கணு நீளம்கூட இல்ல. குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டு சும்மா கிடக்கும். மேல சதை வளர்ந்து மூடிடும். அத நோண்டி எடுக்கப் போனாத்தான் ஆபத்து."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர்தான் சிரித்தார். "பைப்புக்குள்ள துணிய விட்டுட்டு வெளிய வந்து, எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்றது. நான் எத்தன வீட்ல பண்ணியிருக்கேன். எனக்கேவா?"

முதல் சில நாட்கள் அந்தச் சிரிப்பு இருந்தது. ஒரு நாள் காலையில் சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தார். "மேல டீச்சர் குளிக்கறாங்க. குழாய் வளையற எடத்துல கசிவு இருக்கு," என்றார். மேல்மாடி வீட்டு டீச்சர் தனியாக இருக்கும் மனுஷி. நாய் ஒன்றுதான் துணை. சுவரை உடைத்துப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில், ஒரு விரல்கூடத் தள்ளாமல், குழாய் வியர்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் வியந்துபோய் அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார். அவர் கும்பிடைக் கவனிக்கவில்லை. டீச்சரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குக் கீழே, தோல் மெல்லத் துடிக்கும் இடத்தை.

மணிக்கட்டில் கம்பி விட்ட காயமும் ஆறவில்லை. சீழ் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு சிறிய வாய் மாதிரி சும்மா திறந்தே இருந்தது. மருந்து போட அவள் கையைத் திருப்பியபோது அதற்குள்ளே ஏதோ மின்னியது. மீன் முள் மாதிரி. குனிந்து பார்ப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது. அவர் சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"வலிக்குதாங்க?"

"வலி இல்ல. கேக்குது."

"என்ன கேக்குது?"

"சத்தம் இல்லம்மா அது. அழுத்தம். யார் யாருக்கு எங்கெங்க நிக்குதுன்னு தெரியுது. பஸ்ல போனா எல்லாம் தெரியுது. அடைச்சுக்கிட்டு கிடக்கறத தெரிஞ்சு வச்சுக்கிட்டு சும்மா உக்கார முடியல." அவர் கண்கள் கலங்கியிருந்தன. யாராவது தெருவில் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் கலங்குமே, அந்தக் கலக்கம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

டீச்சரின் நாய் வயதானது, படியேறும்போது இளைக்கும். அவர் அதன் விலாவில் கை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். மறுநாள் அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. முன்னங்காலின் உட்புறம், ரோமத்தை ஒதுக்கி, கோடு போட்டாற்போல நேர்த்தியான ஒரு கீறல். வாய் திறந்திருந்தது, நாக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. சுற்றிலும் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. ஆனால் தொட்டியடிச் சாக்கடை மூடியின் ஓட்டைகளில் கருஞ்சிவப்பாக ஏதோ உறைந்திருந்தது, ஈக்கள் அங்கேதான் மொய்த்தன. அவள் வீட்டுக்குள் ஓடினாள். அவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கைகழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டியில அடிபட்டிருக்கும்," என்றாள் அவள். அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"நல்லாத்தான் ஓடிச்சு," என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடி. "கடைசில நல்லாவே ஓடிச்சு."

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. புருஷனைப் பற்றி என்னவென்று சொல்வது? சுவரில் கை வைக்கிறார் என்றா? மனசை ஏமாற்றிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அவள் வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிறவள். மிஷின் ஓடும் சத்தத்தில் மற்றதெல்லாம் அடங்கிவிடும். கால் மிதிக்க, சக்கரம் சுற்ற, துணி நகர, அவளுடைய பயமும் மடிந்து மடிந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் ஹாலில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் முதுகில் கையை வைத்திருந்தார்.

குட்டிமா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவது. பல் விழுந்து முளைக்கிற வயசு. "அப்பா, கூசுது," என்று நெளிந்து சிரித்தாள்.

"ஆடாதடா," என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, விருந்தாளியிடம் நல்ல சேதி சொல்கிற குரலில்: "இவளுக்கும் இருக்கு. நூலளவுதான். இப்பவே எடுத்துட்டா ஒண்ணும் ஆகாது."

அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அண்ணன் மறுநாள் சாயங்காலம் வந்தார். நல்ல மழை. அவர் ஆறடி ஆள், லாரி ஓட்டுகிறவர், அவர் நுழைந்தாலே வீடு சின்னதாகிவிடும். வாசலில் செருப்பை உதறிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, எதுவும் தெரியாதவர் மாதிரி, "என்ன மாப்ள, சும்மா ஒரு செக்கப்புக்குப் போயிட்டு வந்துடலாமா? வண்டி கீழதான் நிக்குது," என்றார்.

"போலாம் மச்சான். உக்காருங்க மொதல்ல. படி ஏறி வந்தீங்க, மூச்சு வாங்குது பாருங்க."

அண்ணன் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நீ போ, நான் பார்த்துக்கறேன். டியூஷன் முடிந்து குட்டிமா தெருமுனையில் நிற்பாள். அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது புருஷன் குரல் கேட்டது. "மச்சான், கைய கொடுங்க." அண்ணன் சிரித்தார். "என்ன, ஜோசியமா?"

போய்வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? குட்டிமா குட்டையிலெல்லாம் குதித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ யாரையோ கடித்த கதையை விடாமல் சொன்னாள். மாடிப்படி ஏறும்போதுதான், மகள் பேச்சுக்கு நடுவே, அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தட தட தட. நின்று, மறுபடி தட தட. யாரோ குதிகாலால் தரையை உதைக்கிற மாதிரி. மழையில் எங்கோ ஜன்னல் அடிக்கிறது என்று நினைத்தாள். ஜன்னல் இல்லை. தங்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கூடவே ஒரு வாசனை, பழைய நாணயங்களை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வருமே, அது.

"மாமா செருப்பு!" என்றாள் குட்டிமா.

"நில்லு—"

அதற்குள் குட்டிமா குடைக்கு அடியிலிருந்து நழுவி உள்ளே ஓடிவிட்டாள்.

நாற்காலி உடைந்து கிடந்தது. சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ரத்தம் விசிறிவிட்டதுபோல் தெறித்திருந்தது. அண்ணன் மல்லாக்கக் கிடந்தார். நெற்றியின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது; பைப் ரெஞ்ச் பக்கத்திலேயே, பற்களில் முடி ஒட்டியபடி. ஆனால் கண் திறந்திருந்தது. குதிகால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. அவருடைய இடது மணிக்கட்டு கிழிக்கப்பட்டிருந்தது, அதிலிருந்து ஒரு கம்பி, நரை முடி போல மெல்லியதாக, பளபளவென்று, காற்றில் லேசாக ஆடியபடி நீண்டு போய், பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அவளுடைய கணவரின் மணிக்கட்டுக்குள் நுழைந்திருந்தது. விரல்கணு நீளம் என்றார்களே. உள்ளேயே வளர்ந்திருந்தது. முழம் முழமாக.

"ரொம்ப ஆட்டம் காட்டினாரு," என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "அதான் ஒரு தட்டு. இல்லன்னா தப்பான எடத்துல குத்திடும்."

அவருடைய இன்னொரு கை குட்டிமாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

குட்டிமா மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஷூவைச் சுற்றி ரத்தம் மெல்ல வந்து நின்றது.

அண்ணனின் மூக்கிலிருந்து, காதிலிருந்து, கண் ஓரத்திலிருந்து ரத்தம் கொப்பளித்தது. கம்பி உள்ளே நகர்ந்தது. குதிகால்கள் வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு நின்றுவிட்டன.

"பாரு," என்றார் அவர் மெதுவாக. "எங்கயும் நிக்கல. எல்லாம் ஓடிடுச்சு."

கம்பி அண்ணனின் கையிலிருந்து தானாகப் பின்வாங்கியது. சுருண்டது. நுனி தலையைத் தூக்கியது. குட்டிமாவின் பக்கம் திரும்பியது.

ஓடினால் மகள் இங்கேயே நிற்பாள். கத்தினால் மழை. அவளுக்குக் குரல் வந்தது, அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வரும்படி, வீட்டுக்காரி புருஷனிடம் குறைபட்டுக்கொள்கிற அதே குரல்.

"எனக்கு முதல்ல பாருங்க."

அவர் நிமிர்ந்தார்.

"ரெண்டு நாளா நெஞ்சு அடைக்குதுங்க. உங்ககிட்ட சொல்லல. எல்லாருக்கும் பாக்கறீங்க, எனக்கு மட்டும் கிடையாதா?"

"பக்கத்துல வா."

போனாள். தரை வழுக்கியது. அவர் குட்டிமாவை விடாமலே, கம்பி தொங்கும் கையை நீட்டி அவள் கழுத்தில் வைத்தார். விரல் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் இதயம் கூண்டில் மாட்டிய எலி மாதிரி மோதிக்கொண்டிருந்தது. கேட்டார். வெகுநேரம் கேட்டார். அவர் முகம் வாடியது.

"ஆமா. உனக்குத்தான் மோசம். எப்படி தாங்கிக்கிட்டு இருந்த?"

"குட்டிமாவ அனுப்பிடுங்க. அவ பாக்க வேண்டாம். பயந்துடுவா."

யோசித்தார். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"மேல டீச்சர் வீட்டுக்குப் போடா," என்றாள். குரல் உடையக்கூடாது. "உள்ள போய்க் கதவச் சாத்திக்கோ. அம்மா வந்து கூப்பிட்டாத்தான் வரணும். வேற யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. போ."

சிறிய கால்கள் படியில் ஏறின. மேலே கதவு தட்டும் சத்தம். திறக்கும் சத்தம். சாத்தும் சத்தம்.

அவள் மிஷின் முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள். அவர் முன்னால் மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்த பிளேடை வைத்து ஒரே கோடு. எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் முழங்கை வழியாக ஓடி மடியில் சொட்டியது. கம்பியின் நுனி காயத்தின் ஓரத்தைத் தொட்டது. சில்லென்று. முகர்ந்தது.

இடது கை பின்னால் போனது. பாதி வெட்டிய திரைத்துணி. அதன் மேல் கத்தரிக்கோல்.

காதுக்குக் கீழே. துடிக்கிற இடம்.

குத்தினாள்.

பிடி வரை போனது. உருவினாள். குத்தினாள். சூடாக முகத்தில் அடித்தது. கண் தெரியவில்லை. குத்தினாள். எலும்பில் பட்டு வழுக்கியது. மறுபடி. அவர் தடுக்கவில்லை. கோபப்படவில்லை. குழந்தையின் முரண்டைப் பொறுத்துக்கொள்கிறவர் மாதிரி அவளைப் பார்த்தார். கையைத் தூக்கி அவள் கழுத்தில் வைத்து நாடி பார்த்தார்.

"பொறு..." என்றார். வாயிலிருந்து வார்த்தையோடு ரத்தமும் வந்தது. "இன்னும்... போகல..."

அவள் மடியில் தலை சாய்ந்தது. கனத்தது.

மழை மட்டும் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. முடிந்தது. அண்ணன் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், முடிந்தது. குட்டிமா மேலே இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. முடிந்தது. அவர் தலைமுடியைக் கோதிவிட்டாள். ஏன் என்று தெரியவில்லை, கோதினாள். விக்கி விக்கி அழுதாள்.

பிறகு கை சில்லிட்டது.

குனிந்து பார்த்தாள். அவருடைய மணிக்கட்டிலிருந்து கம்பி நழுவி வெளியே வந்துகொண்டிருந்தது. ஓட்டம் நின்ற உடம்பு அதற்குத் தேவைப்படவில்லை. மறுமுனை அவள் காயத்துக்குள் இருந்தது. ஈர மண்ணில் மண்புழு போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. பிடித்தாள். ரத்தத்தில் வழுக்கியது. பல்லால் கடித்தாள். பல்லிடுக்கை அறுத்துக்கொண்டு போனது. முழங்கை. தோள். அக்குள். கத்தரிக்கோலை எடுத்துத் தன் கையையே கிழித்தாள், நீளமாக, எலும்பு வெளுப்பாகத் தெரியும்வரை. கிடைக்கவில்லை. வால்நுனி ஒருமுறை மின்னியது. உள்ளே போனது.

நெஞ்சுக்குள் ஏதோ வந்து சாய்ந்து அமர்ந்தது.

பிறகு, எல்லாம் கேட்டது. சத்தம் இல்லை. அழுத்தம். சுவருக்குள் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்கள். தெருவில் குடையோடு ஓடும் யாரோ, அவன் தொடைக்குள் ஒரு முடிச்சு. அடுத்த வீட்டுக் கிழவர், பாதி மூடிய மதகு மாதிரி. மேலே டீச்சர், கழுத்தில் ஒரு நெருக்கல், பாவம். அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை பேர். இத்தனை வலியை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் நடமாடுகிறார்கள்.

டீச்சரின் பக்கத்தில் இன்னொன்று. சின்னது. வேகமானது. அவள் பெற்றது. ஓடிக்கொண்டே இருந்தது, அழகாக, ஓடை மாதிரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தயங்கியது.

நூலளவுதான். அவர் சொன்னது சரி.

அவள் எழுந்தாள். மடியிலிருந்த தலை தரையில் மோதியது. கத்தரிக்கோலைத் திரைத்துணியில் துடைத்து எடுத்துக்கொண்டாள். படிக்கட்டின் அடியில் போய் நின்றாள். கிழிந்த கையிலிருந்து ரத்தம் படியில் சொட்டியது. மணிக்கட்டின் காயத்தில் பளபளவென்று ஒரு நுனி வெளியே வந்து, தலையைத் தூக்கி, மேலே பார்த்தது.

"குட்டிமா," என்று கூப்பிட்டாள். பால் மாதிரி இளகிய குரல். "பயப்படாதடா கண்ணு. அம்மாதான் கூப்பிடறேன். வா."

மேலே, மகிழ்ச்சியாக, தாழ்ப்பாள் விலகியது.